குழலில் சால்டர் செய்த முன் சைட்டை மாற்றுவது எப்படி: பழைய வேட்டைத் துப்பாக்கி வாங்கிய அமெரிக்கத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய மௌசர் வகை போல்ட் ரைஃபிள் ஒன்றை நல்ல விலைக்கு வாங்கியிருப்பீர்கள். கட்டை பளபளப்பாக இருக்கும், குழலின் உட்புறம் சுத்தமாக இருக்கும். சுடுதளத்தில்தான் தெரியும், குண்டு குறிக்குக் கீழே இறங்குகிறது அல்லது மேலே ஏறுகிறது என்று. குழல் நுனியில் குறிபார்க்க நிற்கும் முன் சைட் தேய்ந்திருக்கலாம், வளைந்திருக்கலாம், முந்தைய உரிமையாளர் தன் கண்ணுக்கு ஏற்ப அரம் போட்டுக் குறைத்திருக்கலாம். திருகைக் கழற்றி மாற்றலாம் என்று பார்த்தால் திருகே இருக்காது. அந்தக் காலத்து வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றில் முன் சைட்டின் அடிமேடையைக் குழலோடு சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகக் கலவை) வைத்தே ஒட்டியிருக்கிறார்கள்.

இந்த வேலைக்காக நான் துப்பாக்கியைக் கொடுத்த பழுதுபார்க்கும் கடை ஒரு வேட்டைப் பருவம் முழுவதும் அதை வைத்திருந்தது. திரும்பி வந்தபோது சைட் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, சுற்றிலும் வெள்ளிக் கோடு போல சால்டர் வழிந்திருந்தது. பிறகு அதை நானே கழற்றி ஒட்டினேன். தீ வைப்பது இதில் மிகச் சிறிய பகுதி. அளப்பதும் பொருத்திப் பார்ப்பதும்தான் முக்கால்வாசி வேலை. கட்டுரையும் அந்த விகிதத்தில்தான் இருக்கும்.

இங்கே சொல்வது எல்லாம் அமெரிக்காவுக்கு, அதிலும் நான் வசிக்கும் பென்சில்வேனியாவுக்குப் பொருந்தும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். ஊரில் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் உறவினருக்கு இதை அனுப்பி, வீட்டிலேயே செய்து பாருங்கள் என்று சொல்லிவிடாதீர்கள்.

1. முதலில் உங்கள் காகிதங்கள்

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் குடியுரிமை பெற்றவர்களும் இந்தப் பகுதியை வேகமாகக் கடக்கலாம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் நின்று படியுங்கள். கூட்டாட்சிச் சட்டம் குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைத் தடை செய்கிறது. அதற்குச் சில விலக்குகள் உண்டு. நம்மவர்களுக்குப் பயன்படுவது, ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய வேட்டை உரிமம் செல்லுபடியாகும் நிலையில் கையில் இருப்பது.

பொறி இங்கேதான் இருக்கிறது. வாங்கும் நாளில் மட்டும் உரிமம் இருந்தால் போதாது, துப்பாக்கியை வைத்திருக்கும் காலம் முழுவதும் அது உயிரோடு இருக்க வேண்டும். பென்சில்வேனியாவில் உரிம ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. வேட்டைப் பருவம் முடிந்ததும் உரிமத்தை மறந்துவிட்டு, கோடையில் சாவகாசமாகத் துப்பாக்கியை மேசையில் வைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தால், அந்தக் கோடையில் நீங்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கிறீர்கள். மாநிலத்தில் வசிப்பவருக்கு உரிமக் கட்டணம் ஏறத்தாழ 21 டாலர்தான். முதல்முறை எடுப்பவர்கள் அதற்கு முன் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். விசா நிலையில் சிக்கல் ஏதும் இருந்தால் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். நண்பர்கள் வாட்ஸ்அப்பில் சொல்வதை நம்பி இதில் இறங்க வேண்டாம்.

மாநிலச் சட்டம் தனி. நியூ ஜெர்சியில் துப்பாக்கி வாங்க அடையாள அட்டை வேண்டும். இல்லினாயில் ஃபாய்டு கார்டு என்ற துப்பாக்கி உரிமையாளர் அட்டை வேண்டும். மாநில எல்லை தாண்டி எடுத்துச் செல்லும்போது தோட்டா நீக்கி, பூட்டிய பெட்டியில், கை எட்டாத இடத்தில் வையுங்கள்.

உங்கள் சொந்தத் துப்பாக்கியின் முன் சைட்டை நீங்களே மாற்றக் கூட்டாட்சி உரிமம் எதுவும் தேவையில்லை. இந்த வேலையைப் பணம் வாங்கிக்கொண்டு பிறருக்குச் செய்வதைத் தொழிலாக்கினால் உரிமம் தேவை. ஒன்றைச் செய்து முடித்ததும் நண்பர்கள் வரிசையில் நிற்பார்கள், எச்சரிக்கையாக இருங்கள்.

2. கழற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். சால்டர் செய்த முன் சைட்டுகளில் பெரும்பாலானவை இரண்டு துண்டுகள். குழலோடு ஒட்டியிருப்பது அடிமேடை. அதன் மேல் குறுக்கே வெட்டிய, வாய் குறுகி அடி அகன்ற டவ்டெயில் பள்ளத்தில் செருகி நிற்பது, நாம் கண்ணால் பார்க்கும் தகடு. தேய்ந்ததும் வளைந்ததும் உயரம் தவறியதும் அந்தத் தகடு என்றால், அடிமேடையைத் தொடவே வேண்டாம். தகட்டை மட்டும் தட்டி எடுத்துப் புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. தீயும் இல்லை, புகையும் இல்லை.

அமெரிக்க அளவில் இந்தப் பள்ளம் பெரும்பாலும் 3/8 அங்குலம். மார்பிள்ஸ், வில்லியம்ஸ் போன்ற நிறுவனங்களின் தகடுகள் இந்த அளவில் பல உயரங்களில் கிடைக்கின்றன. ஐரோப்பியத் துப்பாக்கி என்றால் பள்ளம் வேறு அளவில் இருக்கலாம். காலிபர் என்ற அளவுக்கருவி வைத்து அளக்காமல் வாங்காதீர்கள். துப்பாக்கியைப் பிடித்துச் சுடும் நிலையிலிருந்து பார்த்தால், பழைய தகட்டை இடமிருந்து வலமாகத் தட்டி எடுப்பதும், புதியதை வலமிருந்து இடமாகச் செருகுவதும் வழக்கம். பித்தளைக் கம்பியும் சிறு சுத்தியலும் போதும். எஃகுக் கம்பி கொண்டு அடித்தால் தகட்டில் தழும்பு விழும்.

அடிமேடையைக் கழற்ற மூன்று காரணங்கள்தான் நியாயமானவை: அது சாய்ந்திருக்க வேண்டும், சால்டர் விட்டு ஆட வேண்டும், அல்லது உங்களுக்கு வேண்டிய உயரத்துக்குத் தகடு கிடைக்காத அளவுக்கு மிக உயரமாகவோ தாழ்வாகவோ இருக்க வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. அது மாற்றம் எதுவும் செய்யாத பழைய இராணுவத் துப்பாக்கியா, பாகங்களில் உள்ள வரிசை எண்கள் எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் அதில் வெப்பம் வைப்பது அதன் விலையைத்தான் உருக்கும். அதைச் சேகரிப்பவரிடம் விற்றுவிட்டு, ஏற்கெனவே வேட்டைக்காக மாற்றிய வேறொன்றை வாங்குவதே புத்திசாலித்தனம்.

3. எதனால் ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

அடிமேடையின் ஓரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். மங்கிய சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு தெரிந்து, ஊசி முனையால் தொட்டால் எளிதில் கீறினால் அது ஈயமும் வெள்ளீயமும் கலந்த மென் சால்டர். 63க்கு 37 என்ற விகிதக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும். கோடு மஞ்சள் கலந்த வெள்ளியாகவும் கடினமாகவும் இருந்தால் அது வெள்ளிப் பற்றவைப்பாக இருக்கலாம். அது உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்த வெப்பத்தை வீட்டில் குழலுக்குக் கொடுக்கக் கூடாது. எஃகின் பதம் மாறும், குழலின் உட்புறத்தில் செதில் படியும். அந்த வேலையை அனுபவமுள்ள கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) விட்டுவிடுங்கள்.

மறைந்திருக்கும் திருகுதான் அடுத்த பொறி. சில அடிமேடைகளில் சால்டரோடு ஒரு திருகும் உண்டு. அது தகட்டுக்கு அடியில், டவ்டெயில் பள்ளத்தின் தரையில் ஒளிந்திருக்கும். தகட்டை எடுத்துப் பார்க்காமல் வெப்பம் கொடுப்பவர்கள், சால்டர் உருகியும் அடிமேடை அசையவில்லையே என்று மேலும் மேலும் தீயைக் கூட்டுவார்கள். குறுக்கே செருகிய ஊசியும் இருக்கலாம், பக்கவாட்டில் சிறு வட்டம் தெரிகிறதா என்று தேடுங்கள்.

இரட்டைக் குழல் துப்பாக்கியானால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடுங்கள். குழல்களையும் அவற்றுக்கு இடையிலான பட்டையையும் சேர்த்து வைத்திருப்பதே சால்டர்தான். சைட்டுக்காக வைத்த தீ அதையும் பிரித்துவிடும்.

4. உயரத்தைக் கணக்கிடுங்கள்

முன் சைட்டை உயர்த்தினால் குண்டு தாழும். தாழ்த்தினால் குண்டு ஏறும். பின் சைட்டுக்கு இது நேர் எதிர். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு தவறான தகட்டை வாங்குகிறவர்கள் நிறைய.

கணக்கு எளியது. குறியிலிருந்து குண்டு விலகிய தூரத்தை, முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையிலான தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். எல்லாம் ஒரே அலகில் இருக்க வேண்டும். 100 கெஜம் என்பது 3,600 அங்குலம். உங்கள் துப்பாக்கி 100 கெஜத்தில் 6 அங்குலம் தாழ்வாகச் சுடுகிறது, இரண்டு சைட்டுகளுக்கும் இடையே 20 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 பெருக்கல் 20 என்றால் 120. அதை 3,600ஆல் வகுத்தால் 0.033 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு உயரத்தைக் குறைத்தால் போதும். இதற்குத் தகட்டின் தலையில் அரம் போட்டாலே தீர்ந்துவிடும்.

உயரமாகச் சுடுகிறது என்றால்தான் உயரமான தகடு வேண்டும். கணக்கில் வந்ததைவிடச் சற்று உயரமாகவே வாங்குங்கள். அரத்தால் குறைக்க முடியும், கூட்ட முடியாது.

கணக்குக்கான குண்டுகளைச் சுடும்போது, வேட்டையில் எந்தத் தோட்டாவைப் பயன்படுத்துவீர்களோ அதையே பயன்படுத்துங்கள். குண்டின் எடை மாறினால் விழும் இடமும் மாறும். மணல் பையில் வைத்து, குழலை ஆறவிட்டு, குறைந்தது ஐந்து ஐந்தாக இரண்டு முறை சுட்டு, தொகுப்பின் நடுப்புள்ளியை அளவெடுங்கள். பென்சில்வேனியாவில் மாநில வேட்டை நிலங்களில் பொதுச் சுடுதளங்கள் உண்டு. வேட்டை உரிமமோ சுடுதள அனுமதிச் சீட்டோ கையில் இருக்க வேண்டும்.

5. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும், எப்போது தொடங்க வேண்டும்

புதிய அடிமேடையும் தகடும் சேர்ந்து ஏறத்தாழ 40 முதல் 80 டாலர் வரை ஆகும். வாங்கும்போது பெயரைவிட முக்கியம் அடிவளைவு. குழல் நுனியின் வெளிவிட்டத்தை காலிபரால் அளந்துவிட்டு, அந்த வளைவுக்குப் பொருந்துவதைத் தேடுங்கள். திருகு போட்டு மாட்டுவதற்கென்றே செய்தவையும், சால்டருக்கென்று செய்தவையும் தனித்தனியாக விற்கின்றன. குறிப்பைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சால்டருக்கு வெள்ளீயம் 96, வெள்ளி 4 என்ற கலவையைப் பரிந்துரைக்கிறேன். 221 முதல் 229 டிகிரியில் உருகும். ஈயக் கலவையைவிட வலுவானது, ஈயமும் இல்லை. முப்பது நாட்-ஆறு போன்ற தோட்டாவின் உதைப்பைத் தாங்கும் இணைப்புக்கு இது ஏற்றது. பெயரில் வெள்ளி இருப்பதால் இதையும் மேலே சொன்ன வெள்ளிப் பற்றவைப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். உருகும் வெப்பநிலையை உறையில் பார்த்தே எடுங்கள். சால்டர் எஃகில் பிடிக்க உதவும், அதற்கேற்ற ஃபிளக்ஸும் சேர்த்து 20 டாலர் அளவில் முடியும்.

புரொப்பேன் டார்ச் (வாயுச் சுடர் கருவி) 20 முதல் 30 டாலர். அசிட்டிலீன் வேண்டவே வேண்டாம், அது ஒரே புள்ளியில் அளவுக்கு மீறிச் சூடேற்றும். 250 டிகிரி அளவில் உருகும் வெப்ப அடையாளக் குச்சி ஒன்று, சி-கிளாம்ப் ஒன்று, மரத் துண்டு வைத்த வைஸ் (மேசைப் பிடிப்புக் கருவி), சிறிய ரசமட்டம், எமரித் தாள், அசிட்டோன், மென்மையான கரிப் பென்சில் ஆகியவையும் வேண்டும். கருவி எதுவும் இல்லாமல் தொடங்கினால் மொத்தம் 150 டாலருக்குப் பக்கத்தில் வந்துவிடும். கன்ஸ்மித்திடம் கொடுத்தாலும் கூலி ஏறத்தாழ அதே அளவுதான் ஆகும். ஆகவே காசு மிச்சம் பிடிக்க மட்டும் இதில் இறங்காதீர்கள்.

காலம் முக்கியம். பென்சில்வேனியாவில் துப்பாக்கி மான் வேட்டை தேங்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை கன்ஸ்மித் கடைகளில் துப்பாக்கிகள் குவிந்து கிடக்கும். வேலையை நீங்களே செய்தாலும், இடையில் சிக்கினால் கன்ஸ்மித்திடம்தான் ஓட வேண்டும். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் தொடங்குங்கள். உண்மையான வேலை ஒரு வாரயிறுதிதான். பாகங்கள் வந்து சேர்வதும், அளவு பொருந்தாமல் திருப்பி அனுப்புவதும் வாரக்கணக்கில் இழுக்கும்.

6. பழையதைக் கழற்றுங்கள்

தோட்டாக்கள் எல்லாம் வேறு அறைக்குப் போக வேண்டும். தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைக் கழற்றுங்கள். தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். பிறகு தொலைநோக்கிக் கண்ணாடி இருந்தால் அதையும், மரக் கட்டையையும் கழற்றிவிடுங்கள். மரம் பக்கத்தில் இருக்கும்போது டார்ச் பற்றவைக்க வேண்டாம்.

இடம் நல்ல காற்றோட்டமுள்ள கராஜாக இருக்கட்டும். பழைய சால்டரில் ஈயம் இருக்கும். அடுக்களை மேசையிலோ குழந்தைகள் விளையாடும் இடத்திலோ இதைச் செய்யக் கூடாது. துப்பாக்கி எண்ணெய், கரைப்பான் பாட்டில்கள் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அடிமேடை அசைவதற்கு முன் அதன் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குழல் நுனியிலிருந்து அடிமேடையின் முன் விளிம்பு வரை காலிபரால் அளந்து எழுதுங்கள். நான்கு பக்கமும் கைப்பேசியில் படம் எடுங்கள். பழைய இடம் சரியானது என்றால் மட்டும் முன்னும் பின்னும் மெல்லிய கோடு கீறலாம். சாய்ந்திருந்தது என்றால் கீறாதீர்கள், பிறகு கண் அந்தத் தவறான கோட்டையே தேடும்.

குழலின் உட்புறத்தை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, நுனியை உலர்ந்த துணியால் அடையுங்கள். குழலை மரத் துண்டுகளுக்கு இடையே வைஸில் பிடியுங்கள். தகட்டை எடுங்கள், திருகு இருந்தால் அதையும் எடுங்கள். இனி தீ.

சுடரைக் குழலின் அடிப்பகுதியில் காட்டி, முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டே இருங்கள். ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள். அடிமேடை சிறியது, விரைவில் சூடாகிவிடும். குழல் கனமானது, அதற்குத்தான் நேரம் தேவை. ஓரக் கோடு பளிச்சென்று ஈரமாகத் தெரிந்தால் சால்டர் உருகிவிட்டது. மரக் குச்சியால் அடிமேடையை மெல்லத் தள்ளுங்கள், நகரும். 250 டிகிரிக் குச்சி குழலில் உருகிய பிறகும் அசையவில்லை என்றால் தீயை அணைத்துவிடுங்கள். வெள்ளிப் பற்றவைப்போ, நீங்கள் பார்க்காமல் விட்ட திருகோ இருக்கிறது. சுத்தியலால் அடித்துப் பிரிக்கும் ஆசை வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

எஃகு எவ்வளவு சூடாயிற்று என்று நிறமே சொல்லும். பளபளப்பான எஃகில் சுமார் 220 டிகிரியில் வைக்கோல் மஞ்சள் தெரியத் தொடங்கும். 300 டிகிரியை நெருங்கினால் நீலம் வரும். வைக்கோல் நிறம் வரை கவலை இல்லை. நீலம் தெரிந்தால் தேவைக்கு அதிகமாகப் போய்விட்டீர்கள்.

7. புதியதைப் பொருத்திப் பாருங்கள், ஒட்டுவதற்கு முன்

எல்லோரும் அவசரப்படும் இடம் இது. குழலில் மிஞ்சிய பழைய சால்டரைச் சூடாக இருக்கும்போதே துணியால் துடைத்து, ஆறியதும் நுண்ணிய எமரியால் எஃகு தெரியும் வரை தேயுங்கள். புதிய அடிமேடை மூடப்போகும் இடத்தில் மட்டும். வெளியே ஒரு மில்லிமீட்டர் தேய்த்தாலும் பிறகு நிறம் போட வேண்டியது நீங்கள்தான்.

குழலில் மார்க்கர் மையைப் பூசி, காய்வதற்குள் அடிமேடையை அதன் மேல் வைத்து லேசாக அசைத்து எடுங்கள். அடிப்பகுதியில் மை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் தொடுகிறது. நடுவில் மட்டும் தொட்டால் அடிமேடை ஆடும். விளிம்புகளில் மட்டும் தொட்டால் நடுவே குழி. குழலின் விட்டமே உள்ள ஒரு கம்பியில் எமரித் தாளைச் சுற்றி, அடிமேடையின் அடிவளைவைத் தேய்த்துச் சரிசெய்யுங்கள். பாதிக்கு மேல் பரவலாகத் தொட வேண்டும். எங்கும் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. சால்டர் மெல்லிய படலமாக இருக்கும்போதுதான் வலுவாகப் பிடிக்கும். குழியை நிரப்பும் சாந்து அல்ல அது. நான் கொடுத்த கடையில் தவிர்த்தது இந்த ஒரு படியைத்தான் என்பது, கழற்றிப் பார்த்தபோது தெரிந்தது. ஒரு முனையில் மட்டும் சால்டர் பிடித்திருந்தது, மறுமுனையில் கட்டியாகத் தேங்கியிருந்தது.

நேராக நிற்கிறதா என்பது அடுத்தது. மௌசர் வகை ரிசீவரின் (போல்ட் ஓடும் உடற்பகுதியின்) அடிப்பகுதி தட்டையானது, அதுவே உங்கள் தரைமட்டம். ரசமட்டத்தை அங்கே வைத்துத் துப்பாக்கியை வைஸில் நேராக்குங்கள். பிறகு தகட்டைச் செருகிய அடிமேடையைக் குழலில் வைத்து, பின்னாலிருந்து பின் சைட்டின் பள்ளத்தின் வழியாகப் பாருங்கள். தகடு செங்குத்தாக, பள்ளத்தின் நடுவில் நிற்க வேண்டும். எதிர்ச் சுவரில் கனமான நூல் குண்டைத் தொங்கவிட்டு அதோடு ஒப்பிட்டால் கண் ஏமாறாது. சரியான இடம் கிடைத்ததும் இரு பக்கமும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

8. ஒட்டுங்கள்

குழலையும் அடிமேடையின் அடிப்பக்கத்தையும் அசிட்டோனால் துடையுங்கள். அதன் பிறகு விரல் படக் கூடாது. அடிமேடையின் எல்லைக்கு வெளியே குழலில் கரிப் பென்சிலால் அடர்த்தியாகத் தீட்டுங்கள். கரி உள்ள இடத்தில் சால்டர் ஒட்டாது. டவ்டெயில் பள்ளத்துக்குள்ளும் தீட்டுங்கள், இல்லாவிட்டால் அங்கே சால்டர் புகுந்து தகடு செருக முடியாமல் போகும். தகட்டை இப்போது கழற்றி வைத்துவிடுங்கள்.

முதலில் இரண்டு பரப்புகளுக்கும் தனித்தனியே சால்டர் பூச வேண்டும். ஃபிளக்ஸ் தடவி, சூடேற்றி, சால்டர் கம்பியை எஃகில் தொடுங்கள். சுடரில் காட்டி உருக்காதீர்கள், எஃகின் சூட்டிலேயே அது உருக வேண்டும். உருகிப் பரவியதும் சுத்தமான பருத்தித் துணியால் ஒரே இழுப்பில் துடையுங்கள். வெள்ளிப் பூச்சு போல மெல்லிய படலம் மிஞ்சினால் போதும். பூச்சு பிடிக்காத கருப்புத் திட்டுகள் இருந்தால் அங்கே எண்ணெய் இருக்கிறது. மீண்டும் தேய்த்து, மீண்டும் பூசுங்கள்.

ஆறியதும் மறுபடி ஃபிளக்ஸ் தடவி, அடிமேடையைக் குறியில் வைத்து, சி-கிளாம்பால் பிடியுங்கள். கிளாம்புக்கும் அடிமேடைக்கும் இடையே சிறு மரத் துண்டு வையுங்கள், இரும்பு நேரடியாகத் தொட்டால் வெப்பத்தை உறிஞ்சிவிடும். ரசமட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். குழலின் அடியிலிருந்து மெல்லச் சூடேற்றுங்கள். சால்டர் சூடு அதிகமுள்ள பக்கம் நோக்கி ஓடும், ஆகவே சுடரை அடிமேடை மேல் காட்டினால் இணைப்பிலிருந்து வெளியே வந்து வழியும். ஓரம் முழுவதும் பளிச்சென்ற கோடு தெரிந்ததும் சுடரை எடுத்துவிடுங்கள். படலம் உருகும்போது அடிமேடை ஒரு மயிரிழை கீழே இறங்கும், கிளாம்ப் தளரும். அந்த நேரத்தில் கால் சுற்று இறுக்குங்கள். பிறகு கையை எடுங்கள்.

தானாக ஆற வேண்டும். தண்ணீர் ஊற்றுவதும் ஈரத் துணி போடுவதும் ஊதுவதும் கூடாது. கிளாம்பைக் கழற்ற கை வைத்துத் தாங்கும் அளவுக்குச் சூடு இறங்க வேண்டும், அரை மணி நேரம் போகட்டும்.

9. ஃபிளக்ஸையும் நிறத்தையும் கவனியுங்கள்

அமில ஃபிளக்ஸ் மிச்சம் இருந்தால் குழல் துருப்பிடிக்கும். சமையல் சோடா கரைத்த சூடான தண்ணீரால் தூரிகை வைத்துக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். குழல் நுனியில் அடைத்த துணியை எடுத்து உட்புறத்தையும் பாருங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை ஓரங்களைப் பாருங்கள். ஒளிந்திருந்த ஃபிளக்ஸ் அப்போதுதான் செந்நிறமாக முகம் காட்டும்.

வழிந்த சால்டரைப் பித்தளைத் துண்டைக் கூராக்கிச் சுரண்டி எடுங்கள். எஃகுக் கத்தி வேண்டாம். துப்பாக்கிக்குப் போடும் நீலநிறம் (ப்ளூயிங்) எஃகில்தான் பிடிக்கும், சால்டரில் பிடிக்காது, ஆகவே சுரண்டாத இடம் வெள்ளைக் கோடாகவே நிற்கும்.

பிறகு யாரோ ஒருவர், துப்பாக்கி முழுவதையும் புதிதாக நீலமாக்கிவிடுங்கள் என்று ஆலோசனை சொல்வார். கடைகளில் செய்யும் சூடான உப்புக் குளியல் முறை காரக் கரைசலைச் சுமார் 140 டிகிரியில் வைத்துச் செய்வது. அந்தக் காரம் மென் சால்டரைத் தின்றுவிடும். குளியலிலிருந்து குழல் அழகாக வரும், சைட் தனியாக வரும். சிறு இடத்துக்குக் கடையில் கிடைக்கும் குளிர் நீலத் திரவம் போதும். முழுவதும் செய்ய வேண்டுமென்றால் மெதுவாகத் துரு ஏற்றி, கொதிநீரில் வேகவைக்கும் பழைய முறையைக் கேளுங்கள். கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் சால்டர் தப்பும். துப்பாக்கியைக் கொடுக்கும்போது, முன் சைட் மென் சால்டரில் ஒட்டியது என்று காகிதத்தில் எழுதிக் கட்டிவிடுங்கள்.

10. கன்ஸ்மித்திடம் கொடுப்பதானால்

கூட்டாட்சி உரிமம் உள்ளவரா என்று கேளுங்கள். இரவு தங்கும் துப்பாக்கியை அவர் தன் பதிவேட்டில் எழுத வேண்டும், உங்களுக்கும் வரிசை எண் குறித்த ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்து அதே துப்பாக்கியை அதே உரிமையாளரிடம் திருப்பிக் கொடுப்பதற்குப் புதிதாக வாங்குவது போன்ற பின்னணிச் சோதனைப் படிவம் தேவையில்லை.

வேறு மாநிலத்தில் இருக்கும் உரிமம் பெற்ற கன்ஸ்மித்துக்கு ரைஃபிளை அமெரிக்க அஞ்சல் துறை மூலம் நீங்களே அனுப்பலாம். அவர் நேராக உங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பலாம். கைத்துப்பாக்கிக்கு இந்த விதி வேறு, இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். பெரிய தனியார் கூரியர்கள் உரிமம் இல்லாத தனிநபரிடமிருந்து துப்பாக்கிப் பொதிகளை ஏற்பதில்லை. போல்ட்டைக் கழற்றி, தோட்டா எதுவும் இல்லாமல், காப்பீடும் கையொப்பம் பெறும் வசதியும் சேர்த்து அனுப்புங்கள்.

மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தச் சால்டர் வைப்பீர்கள், அது எத்தனை டிகிரியில் உருகும், அடிவளைவைக் குழலுக்குப் பொருத்திப் பார்ப்பீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தோளைக் குலுக்குகிறவரிடம் கொடுக்காதீர்கள். தேதியையும் எழுதி வாங்குங்கள். "சீக்கிரம் முடிந்துவிடும்" என்ற வாய்ச்சொல்லுக்கு அக்டோபரில் மதிப்பில்லை.

11. சுட்டுப் பாருங்கள்

தகட்டைச் செருகுங்கள். அடிமேடையின் பின் விளிம்பை ஒட்டிக் குழலில் மெல்லிய பென்சில் கோடு ஒன்று போடுங்கள். முதல் குண்டுகளை 25 கெஜத்தில் சுடுங்கள், காகிதத்தில் எங்கே விழுகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த தூரத்துக்குப் போக முடியும். பக்கவாட்டு விலகலைத் தகட்டைத் தட்டி நகர்த்திச் சரிசெய்யுங்கள். குண்டு வலப்பக்கம் போனால் தகட்டையும் வலப்பக்கமே நகர்த்த வேண்டும். பிறகு 100 கெஜம். தாழ்வாக விழுந்தால் தகட்டின் தலையில் இரண்டு மூன்று இழுப்பு அரம் போட்டு மறுபடி சுடுங்கள். நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள், கடைசி இழுப்பை எப்போதும் மிச்சம் வையுங்கள்.

இருபது குண்டுகளுக்குப் பிறகு அந்தப் பென்சில் கோட்டைப் பாருங்கள். ரைஃபிள் பின்னால் உதைக்கும்போது அடிமேடை முன்னால் நழுவப் பார்க்கும். கோட்டுக்கும் விளிம்புக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் சால்டர் பிடிக்கவில்லை. அங்கேயே சுடுவதை நிறுத்தி, துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோய் 7ஆம் படியிலிருந்து தொடங்குங்கள். கோடு ஒட்டியே இருந்தால் ஃபிளக்ஸ் துருவுக்காக இன்னும் ஒரு மாதம் ஓரங்களைக் கவனித்து வாருங்கள். கழற்றிய பழைய அடிமேடையையும் தகட்டையும் ஒரு உறையில் போட்டு, துப்பாக்கியின் வரிசை எண்ணை எழுதி வையுங்கள். பின்னாளில் விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.